முகம் எடுக்க பிரைமா, ஜூமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: கையில் கிராப் சென்சார் கேமரா (படம் பதியும் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமைவிடச் சிறியது), அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ். மி.மீ. என்பது குவியத் தூரம், எண் கூடினால் லென்ஸ் எட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும். வீட்டு மனிதர்களையும் நண்பர்களையும் நல்ல போர்ட்ரெய்ட்டாக எடுக்க ஆசை. பாதிப் பேர் பிரைம் லென்ஸ், அதாவது மி.மீ. மாற்ற முடியாத லென்ஸ், வாங்கச் சொல்கிறார்கள். மீதிப் பேர் வளையத்தைத் திருப்பி மி.மீ. மாற்றும் 70-200 ஜூம் ஒன்று இருந்தால் போதும் என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது? இதோடு போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: “அம்மாவை எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, பின்னால் இருப்பதும் மங்குவதில்லை.” எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. 18 வருடமாக முகங்களை எடுத்துத்தான் பிழைக்கிறேன். அதில் கற்றதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் மூக்கு. இதற்கும் பிரைம், ஜூம் சண்டைக்கும் சம்பந்தமே இல்லை. முகத்தின் வடிவம் படத்தில் எப்படி வரும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம் மட்டும்தான். மூக்கு நுனியிலிருந்து காது வரை சுமார் 12 செ.மீ. ஆழம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் கிட் லென்ஸை 18 மி.மீ.யில் வைத்துத் தலையும் தோளும் ஃபிரேமில் நிறைகிற மாதிரி எடுக்க வேண்டுமானால், ஏறக்குறைய 46 செ.மீ. தூரத்துக்கு நெருங்க வேண்டும். மூக்கு 46 செ.மீ.யில், காது 58 செ.மீ.யில். அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு நாலில் ஒரு பங்கு பெரிதாகப் பதிகிறது. அதே ஃபிரேமை 55 மி.மீ.யில் எடுத்தால் 1.4 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். இப்போது வித்தியாசம் 8, 9 சதவீதம்தான். நாம் ஒருவரோடு சாதாரணமாக உட்கார்ந்து பேசும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் அந்த முகம் நமக்குப் பழகிய முகமாகத் தெரிகிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், இன்றைக்கே செய்து பாருங்கள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு அம்மாவை உட்கார வையுங்கள். 18, 35, 55 என்று மூன்று படம், ஒவ்வொரு தடவையும் தலையும் தோளும் ஒரே அளவில் வருகிற மாதிரி முன்னும் பின்னும் நகர்ந்து எடுங்கள். பிறகு காதுகளை மட்டும் பாருங்கள். 18 மி.மீ. படத்தில் அவை கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், 55இல் வெளியே வரும். அப்புறம் நாலாவதாக ஒரு படம்: 55 மி.மீ.க்கு நின்ற அதே இடத்திலிருந்து 18இல் எடுத்து, கணினியில் முகத்தை மட்டும் வெட்டிப் பாருங்கள். படத்தின் தரம் குறைந்திருக்கும், முக வடிவம் 55இல் எடுத்ததைப் போலவே இருக்கும். ஆக, மூக்குப் பிரச்சினைக்கு ஒரு பைசா செலவில்லை. லென்ஸை 55க்குத் திருப்பிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போனால் சரியாகிவிடும்.

தள்ளி நிற்பது நல்லது என்றால் இன்னும் தள்ளிப் போகலாமே என்று தோன்றும். போகலாம், ஆனால் உங்கள் கேமராவில் 200 மி.மீ. வைத்துத் தலை, தோள் எடுக்க 5 மீட்டர் வேண்டும். அந்தத் தூரத்தில் முகம் கொஞ்சம் தட்டையாகி, காதுகளும் கழுத்தும் அகலமாகத் தெரியத் தொடங்கும். ஒல்லியான முகங்களுக்கு இது அழகாக அமையும், அகலமான முகங்களுக்கு அவ்வளவாக அமையாது. அதைவிட முக்கியம், 5 மீட்டரிலிருந்து ஒருவரிடம் மெதுவாகப் பேச முடியாது. எனக்குப் பிடித்த இடைவெளி 1.3 முதல் 2.5 மீட்டர். தூரம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது உறுதியான உண்மை. எந்தத் தூரம் அழகு என்பது என் கண்ணின் பழக்கம். உங்கள் கண் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள்.

இனி இரண்டாவது குறை, பின்னணி மங்காதது. இங்கேதான் லென்ஸ் வேலைக்கு வருகிறது. எஃப் எண்ணை (லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் எண், எண் குறைந்தால் திறப்பு கூடும்) மட்டும் பார்த்து இதைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் மிஞ்சும். எளிய வழி ஒன்று இருக்கிறது: மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுங்கள். கிடைப்பது லென்ஸின் திறப்பு, அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் துவாரத்தின் விட்டம். 55 மி.மீ. எஃப் 5.6 என்றால் 10 மி.மீ. 50 மி.மீ. எஃப் 1.8 என்றால் 28 மி.மீ. 85 எஃப் 1.8 என்றால் 47. 200 எஃப் 2.8 என்றால் 71. முகம் எல்லாப் படத்திலும் ஒரே அளவில் இருக்கிற வரை, வெகு தொலைவில் எரியும் ஒரு விளக்கு அந்த முகத்துக்குப் பக்கத்தில் இதே விட்டமுள்ள வட்டமாகப் பதியும். மனிதக் கண்ணின் அகலம் சுமார் 30 மி.மீ. ஆகவே உங்கள் கிட் லென்ஸில் அந்த விளக்கு கண்ணில் மூன்றில் ஒரு பங்கு அளவுப் பொட்டாகத் தெரியும், 50 எஃப் 1.8இல் ஏறக்குறைய ஒரு முழுக் கண்ணளவு, 200 எஃப் 2.8இல் இரண்டு கண்ணுக்கும் மேல்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் 70-200தான் வென்றது போலத் தெரியும். அது பின்னணி மிகத் தொலைவில் இருக்கும்போது மட்டும். நாம் பெரும்பாலும் எடுப்பது அறைக்குள், முகத்துக்குப் பின்னால் 2 மீட்டரில் சுவர் அல்லது அலமாரி. அப்போது நீங்கள் நிற்கும் தூரமும் கணக்கில் சேரும்: திறப்பின் விட்டத்தைப் பின்னணி முகத்திலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்கி, கேமராவிலிருந்து பின்னணி வரையுள்ள மொத்தத் தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் கேமராவுக்கு, தலை தோள் ஃபிரேமுக்குப் போட்டுப் பார்த்தேன். கிட் லென்ஸ் 55இல் 6 மி.மீ. வட்டம், 50 எஃப் 1.8 பிரைமில் 17, 85 எஃப் 1.8இல் 23, அந்தப் பெரிய ஜூமின் 200 எஃப் 2.8இல் 20. சின்ன 85 பிரைம் அறைக்குள் பெரிய ஜூமை முந்திவிடுகிறது. போதாததற்கு, ஜூமுக்கு முன்னால் 5, பின்னால் 2 என்று 7 மீட்டர் நீளமுள்ள அறை வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. கிட் லென்ஸுக்குத் துணையாக விற்கப்படும் 55-200 போன்ற எளிய ஜூம்களை ‘போர்ட்ரெய்ட்டுக்கு ஆகாது’ என்று ஒதுக்குகிறார்கள். 200இல் எஃப் 5.6 என்றால் திறப்பு 36 மி.மீ. வருகிறது. வெட்டவெளியில், பின்னணி எட்டத்தில் இருக்கும்போது, எல்லோரும் புகழும் 50 எஃப் 1.8இன் 28ஐ விட அது அதிகம் மங்கவைக்கும். நல்ல பகல் வெளிச்சத்தில் வெளியே மட்டுமே எடுப்பவருக்கு அது போதுமான லென்ஸ்தான்.

மங்கல் எவ்வளவு என்பது கணக்கு. மங்கல் எப்படி இருக்கிறது என்பது வேறு விஷயம். சில லென்ஸ்களில் வட்டங்களின் விளிம்பு கோடு போட்டதுபோல் இருக்கும், சிலவற்றில் மெழுகு உருகியதுபோல் இருக்கும், முழுத் திறப்பில் ஃபிரேமின் ஓரங்களில் வட்டம் நசுங்கிப் பூனைக்கண் மாதிரி ஆகும். பொக்கே என்று இதைத்தான் கொண்டாடுகிறார்கள். இதில் பிரைம் எப்போதும் உயர்வு என்று சொல்ல மாட்டேன். நரம்பு நரம்பாக உறுத்தும் பின்னணி தரும் பிரைம்களையும் கையாண்டிருக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் எடுப்பவருக்கு பிரைம் தரும் பெரிய லாபம் அதுதான். எஃப் 5.6இலிருந்து 1.8க்குப் போனால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய 10 மடங்கு. மாலை நேரம், ஒற்றை விளக்கு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 என்று கேமரா திணறும் இடத்தில் 640 போதும். தோலின் நிறம் அங்கேதான் பிழைக்கிறது. எஃப் 2.8 ஜூமோடு ஒப்பிட்டால் லாபம் 2.4 மடங்குதான், அதுவும் சின்னதல்ல. லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் தடுக்கும். எதிரில் இருப்பவர் சிரித்தால், தலையைத் திருப்பினால், அதை உறையவைக்க ஷட்டர் 1/200 நொடிக்குப் பக்கத்தில் வேண்டும், அதற்கு ஒளி வேண்டும். போர்ட்ரெய்ட் லென்ஸ் என்ற ஒன்று பிறந்ததே இதற்காகத்தான். 1840இல் ஜோசப் பெட்ஸ்வால் வியன்னாவில் கணக்குப் போட்டு வடிவமைத்து, ஃபோய்க்ட்லேண்டர் நிறுவனம் செய்து விற்ற லென்ஸின் திறப்பு சுமார் எஃப் 3.6. அதுவரை பல நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர்கள் அதன் பிறகு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உட்கார்ந்தால் போதும் என்றானது. இன்று பழைய படங்களில் நாம் பார்க்கும் அந்த நடு முகம் துல்லியமாகவும் ஓரம் சுழன்றும் இருக்கும் தோற்றம் அந்த லென்ஸின் குறையிலிருந்து வந்ததுதான்.

பிரைம் வாங்கியதும் எல்லோரும் செய்யும் தவறை நானும் செய்தேன். தொழிலுக்கு வந்த புதிதில் வயதான ஒரு தம்பதியை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் அருமையாக இருந்தது. பின்னணி கரைந்துபோகட்டும் என்று எஃப் 1.8இல் வைத்தேன். அந்த அம்மா கணவரின் தோளுக்குச் சற்றுப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில் சாய்ந்திருந்தார். கேமராவின் சின்னத் திரையில் இருவரும் தெளிவாகத் தெரிந்தார்கள். பெரிதாக அச்சிட்டபோதுதான் தெரிந்தது: அவர் முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் கூர்மை, அந்த அம்மாவின் கண்கள் பனி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல். அன்று எடுத்ததில் இருவரும் சிரித்த ஒரே படம் அது. இன்னொரு தடவை வரச்சொல்லி எடுத்துக் கொடுத்தேன், அந்தச் சிரிப்பு திரும்ப வரவில்லை.

காரணம் சாதாரணமானது. உங்கள் கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8, தூரம் 1.3 மீட்டர் என்றால் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 5 செ.மீ. அளவுதான். முகத்தை மட்டும் நிறைக்க 70 செ.மீ.க்கு நெருங்கினால் அது 1.5 செ.மீ.க்கும் கீழே போய்விடும். இரண்டு கண்ணுக்கும் இடையே 6 செ.மீ. இருக்கிறது, முகம் அரைவாசி திரும்பினால் ஒரு கண் மற்றதைவிட 4 செ.மீ. பின்னால் போகிறது. ஆக ஒரு கண்ணின் இமைமுடி துல்லியமாக இருக்கும், அடுத்த கண் இருக்காது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ் உள்ள மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் அருகிலிருக்கும் கண்ணைத் தவறவிடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் எந்த ஃபோகஸும் இரண்டாவது கண்ணை ஆழத்துக்குள் இழுத்து வராது. இப்போது ஒருவர் என்றால் எஃப் 2.5 பக்கம், இருவர் என்றால் எஃப் 4க்குக் கீழே நான் அநேகமாகப் போவதில்லை. பிரைமின் முழுத் திறப்பை வெளிச்சம் இல்லாத நேரத்துக்கான சேமிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

துல்லியம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், ‘பிரைம்தான் ஷார்ப்’ என்பது உண்மையா என்று. ஒரு காலத்தில் கேள்விக்கே இடமில்லாத உண்மை. 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களுக்கு ஜூம் லென்ஸ் விற்பனைக்கு வந்ததே 1959இல்தான், 36-82 எஃப் 2.8 ஃபோய்க்ட்லேண்டர் ஜூமார். ஒரு எளிய 50 மி.மீ. பிரைமில் 6, 7 கண்ணாடிகள் இருந்தால் 70-200 எஃப் 2.8இல் 20ஐ ஒட்டி இருக்கும். அவற்றில் சில முன்னும் பின்னும் நகர வேண்டும், எல்லா நிலையிலும் பிழையைச் சமாளிக்க வேண்டும். இன்றைய நல்ல ஜூம்கள் இதைச் சமாளித்துவிட்டன. ஒரே எஃப் 4இல் எடுத்த இரண்டு முகப் படங்களை அச்சில் வைத்து, எது பிரைம், எது ஜூம் என்று என்னிடம் கேட்டால் அநேகமாகத் தடுமாறுவேன். முகத்துக்கு அவ்வளவு துல்லியம் தேவையும் இல்லை. தோலின் துளைகளைக் கொஞ்சம் அடக்கித்தான் பலரும் படத்தைக் கேட்கிறார்கள். பிரைமில் படம் ‘உயிரோடு’ இருக்கும், முப்பரிமாணமாக எழும் என்றெல்லாம் சொல்வதை நான் ஒரு தீர்ப்பாக ஏற்கவில்லை. அப்படித் தெரிந்த படங்களில் பெரும்பாலும் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது.

ஜூம் எனக்கு வேண்டாத பொருள் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடும் குழந்தை, நடந்துகொண்டிருக்கும் விழா, நான் நகரவே முடியாத இடம் என்றால் நான் எடுப்பது ஜூம்தான். குழந்தை என்னை நோக்கி ஓடி வரும் 3 நொடியில் லென்ஸ் மாற்றுகிறவர் யாரும் இல்லை. ஆனால் ஜூமில் ஒரு பழக்கம் தானாக ஒட்டிக்கொள்ளும்: நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருப்புவது. உங்கள் அம்மாவின் மூக்கு பெரிதானது அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள், முகம் அடங்கவில்லை, 18க்குத் திருப்பினீர்கள். ஜூமோடு போர்ட்ரெய்ட் எடுக்கும்போது முதலில் மி.மீ.யை வைத்துவிட்டு அப்புறம் நடங்கள். இப்படிச் செய்தால் ஜூம், பல பிரைம்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே லென்ஸ். பிரைம் வாங்கினால் கலைஞராகிவிடலாம் என்ற பேச்சில் உள்ள உண்மையும் இந்த அளவுதான்: அது நடக்க வைக்கிறது.

எடை ஒரு சின்ன விஷயமாகத் தோன்றும். என் அனுபவத்தில் எடுக்கப்படுபவரின் முகத்தை அது நேராகப் பாதிக்கிறது. 50 எஃப் 1.8 லென்ஸ்கள் பல 200 கிராமை ஒட்டி இருக்கும். 70-200 எஃப் 2.8 ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. கூச்ச சுபாவமுள்ள ஒரு பெரியவரை எடுக்கப் போனபோது பெரிய ஜூமை மாட்டியிருந்தேன். அதை நான் தூக்கியதும் அவர் தாடை இறுகியது, இரண்டு கையும் முழங்காலில் போய் ஒட்டிக்கொண்டன. இறக்கினேன், கை தளர்ந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி ஒட்டியது. சின்ன 50ஐ மாட்டி, கேமராவை நெஞ்சளவில் பிடித்துப் பேச்சுக் கொடுத்தபின்தான் அவர் கை முழங்காலை விட்டுக் காற்றில் எழுந்து எதையோ விளக்கத் தொடங்கியது. அவர் குடும்பம் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் படம்.

சரி, உங்களுக்கு என்ன? ஏற்கெனவே எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, உங்களுக்குப் பிடித்த 30 முகங்கள் எந்த மி.மீ.யில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள். படத்தின் விவரங்களிலேயே பதிந்திருக்கும். பெரும்பாலும் 45-55 என்றால் 50 எஃப் 1.8 பிரைம் உங்களுக்கானது. உங்கள் சென்சாரில் அது ஃபுல் ஃபிரேமின் 75, 80 மி.மீ. போல நடந்துகொள்ளும், பல நிறுவனங்களில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்றும்கூட. 20-35 பக்கம் அதிகமென்றால் நீங்கள் முகத்தோடு சேர்த்து இடத்தையும் எடுக்கிறவர், 35 மி.மீ. பிரைம் பொருந்தும். 85ஐ இப்போதைக்கு விட்டுவிடச் சொல்வேன். உங்கள் கேமராவில் ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 85க்கு 8 மீட்டர் வேண்டும், 50க்கே 4.7, 35க்கு 3.3. வீட்டில் டேப் வைத்து அளந்து பாருங்கள். கிட் லென்ஸை விற்க வேண்டாம், ஆளுயரப் படத்துக்கும் கூட்டத்துக்கும் அது வேண்டும். 70-200 எஃப் 2.8, விழாக்களுக்கு யாராவது காசு கொடுத்துக் கூப்பிடும்போது யோசிக்கலாம். பிரைமின் பெரிய திறப்பும் ஜூமின் வசதியும் சேர்ந்த லென்ஸும் வரத் தொடங்கிவிட்டது: 2013இலேயே கிராப் சென்சாருக்கு சிக்மா 18-35 எஃப் 1.8, 2018இல் ஃபுல் ஃபிரேமுக்கு கேனன் 28-70 எஃப் 2. ஆனால் கேனனின் அந்த லென்ஸும் 1.4 கிலோவுக்குக் குறையவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கிட் லென்ஸின் வளையத்தை 50இல் வைத்து டேப் ஒட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் பிரைம் உங்களுக்கு இப்போது வேண்டாம். பழைய லென்ஸ் வாங்குவதானால், உங்கள் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சில பழைய லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது, ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவற்றிலும் கிடையாது. திறப்பை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, வாங்காதீர்கள்.

லென்ஸ் வந்ததும் முதல் படத்துக்கு அம்மாவை அதே ஜன்னலோர நாற்காலியில் உட்கார வையுங்கள். அவருக்கும் பின்சுவருக்கும் நடுவே 2 மீட்டராவது இருக்கட்டும். நீங்கள் 1.3 மீட்டரில், எஃப் 2.8, ஷட்டர் 1/200, ஃபோகஸ் ஜன்னல் பக்கக் கண்ணில். ஏதாவது கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லி முடித்தபின் எடுங்கள்.